விரல் நுனிவரை வெப்பம்

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகப் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் கரையிலுள்ள மீனவர் குப்பங்களில் மார்கழி, தை மாதங்களின் விடியல் மூடுபனியோடு தொடங்குகிறது. வலையில் விழுந்த இறாலும் மடவையும் பனிக்கட்டியோடு பெட்டியில் அடுக்கப்பட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டப்படுகின்றன. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்னேரிக்கு வெயில் ஏறுமுன் சரக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வேரியில் இன்ன குழுவினர் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என முறைவைக்கும் ‘பாடு’ என்னும் வழக்கம் தலைமுறைகளாக நிலவுகிறது. தம் முறை வந்த நாளைக் குளிருக்கு அஞ்சி எவரும் நழுவவிடுவதில்லை.

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பர். எனினும் இக்கடற்கரையில் குளிர்கால விடியலின் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. உதகையில் வாழ்பவர் கேட்டால் நகைக்கக்கூடும். ஆனாலும் வண்டியோட்டிச் செல்பவரின் விரல்கள் மரத்துப்போகின்றன. மரத்த விரல் பிரேக் பிடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணராது. கிளட்ச்சை மெல்ல விடவும் இயலாது. மூடுபனியில் ஒரு மாடு குறுக்கே வந்தால், அந்த ஒரு நொடித் தாமதமே விபத்தாகிவிடும்.

விரல்கள் எளிதில் குளிர்வதற்கு அவற்றின் அமைப்பே முதற்காரணம். விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. விரல்களுக்குள் வெப்பம் பிறப்பிக்கும் தசை மிகக் குறைவு. குருதி கொண்டுவரும் வெப்பமே அவற்றுக்கு வரவு. பருமனோடு ஒப்பிடப் பரப்பு மிகுதியாதலால் செலவோ பெரிது. உடல் குளிரை உணர்ந்ததும், நெஞ்சையும் வயிற்றையும் காக்கும்பொருட்டு, விரல்நுனிக் குருதிக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. வரவு நின்றுபோகிறது.

அடுத்தது காற்று. நம் தோலைச் சுற்றி வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று அதை ஓயாமல் உரித்தெடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் இருவரும் அண்டார்க்டிகாவில், சிறு உருளையிலிட்ட நீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என அளந்து, காற்றின் வேகம் கூடக்கூட வெப்ப இழப்பும் கூடுவதைக் கணக்கிட்டு 1945இல் வெளியிட்டனர். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும், உலர்ந்த பொருளைத் தன் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க அதனால் இயலாது. 20 பாகைக் காற்று, உலர்ந்த விரலை 20 பாகைக்குக் கீழே கொண்டுசெல்லாது. அப்படியாயின் இந்த மரப்பு எங்கிருந்து வந்தது?

பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து வந்தது. மீனைப் பனிக்கட்டியில் புதைத்து அடுக்கிய கை, வண்டியின் கைப்பிடியைத் தொடும்போதே குளிர்ந்து விறைத்திருக்கிறது. ஏரியில் இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் கையும் அவ்வாறே. இயல்பாக விட்டால் அக்கை சற்று நேரத்தில் தேறிவிடும். எதிர்க்காற்றும் ஈரமும் அதைத் தேறவிடுவதில்லை. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் போதும். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அதாவது, கையில் ஒட்டிய நீர் ஆவியாகும்போது, அதே அளவு பனிக்கட்டி உருகுவதைவிட ஏழு மடங்கு வெப்பத்தைக் கவர்கிறது! அதுவும் உவர்நீராயின் கேடு மிகுதி. மழைக்காலத்தில் வீட்டுச் சாடியில் உப்புக் கசிவதைக் கண்டிருப்பீர்கள். தோலில் படிந்த உப்பும் அதுபோலப் பனிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கை உலர்வதே இல்லை.

ஆகவே காப்பு, வண்டியைக் கிளப்புமுன்பே தொடங்க வேண்டும். நன்னீரில் கையைக் கழுவி உப்பைப் போக்கி, விரலிடுக்குகள் உலரத் துடைத்து, அக்குளில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றிய பின்னரே புறப்பட வேண்டும். கையைச் சுழற்றி வீசினால் குருதி விரல்நுனிக்குத் தள்ளப்படும். பின்னர்க் கையுறை. உள்ளே மெல்லிய கம்பளியும், வெளியே காற்றும் நீரும் புகாத உறையும் என இரண்டடுக்காக அணிவது சிறப்பு. பொருளில்லாதவர் உலர்ந்த கையுறையின்மேல் ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். இறுக்கமான கையுறை குருதியையும் தடுக்கும், வெப்பம் காக்கும் காற்றிடைவெளியையும் அழிக்கும். எனவே சற்றுத் தளர்வாக இருத்தல் நன்று. கைப்பிடியின் முன்னே பொருத்தும் காற்றுத்தடுப்பு பெரும்பயன் தரும். அது பிரேக், கிளட்ச் பிடிகளின் அசைவைத் தடுக்காதிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். மெல்ல ஓட்டுவதும் துணைபுரியும்; ஆயினும் வேகத்தைப் பாதியாக்கினாலும் வெப்ப இழப்பு பாதியாகாது, ஏறத்தாழ முப்பது விழுக்காடே குறையும். தடுப்பின் அருமை இதனால் விளங்கும்.

நெஞ்சு குளிர்ந்தால் கையுறையால் பயனில்லை. மார்பில் துண்டை மடித்துவைத்து, மேலே சட்டையைப் பொத்தானிட்டு ஓட்டும் முதியவர்கள் இதை அறிந்தே செய்கின்றனர். புகையிலை குருதிக்குழாய்களை மேலும் சுருக்கும்.

குளிர்நீரில் நெடுங்காலம் உழைப்போரின் கைகள் ஓரளவு பழகிக்கொள்கின்றன. கனடாவின் காஸ்பே கடற்கரை மீனவரின் கைகள், குளிர்நீரில் பிறர் கைகளைவிட வெதுவெதுப்பாக இருந்ததை 1960இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எல்லாருக்கும் இப்பழக்கம் வாய்ப்பதில்லை. சிலருக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பின்னர்ச் சிவக்கும். பிரெஞ்சு மருத்துவர் மோரீஸ் ரேனோ 1862இல் விளக்கிய நோய் இது. கைப்பிடியின் நீடித்த அதிர்வும் இத்தகைய நிலையைத் தூண்டக்கூடும். அத்தகையோர் மருத்துவரை நாடவேண்டும். மரத்த விரலைச் சூடான புகைபோக்கிக் குழாயில் காட்டுவோர் உண்டு. உணர்விழந்த தோல் வெந்துபோவதைக்கூட அறியாது. வெதுவெதுப்பான நீரே போதும்.