பேனா உடைவது லேத்தில் இல்லை

என் முதல் மரப்பேனா லேத்தில் ஜம்மென்று வந்தது. கோக்கும்போதுதான் போனது. திருநகர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பட்டறையில், கிளிப்பைத் தட்டி இறக்கச் சுத்தியலை எடுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். மெழுகு போட்ட பூவரசில் நீளவாக்கில் கீறல்.

மரத்துக்கு, இடிக்கிற வீட்டின் பழைய துண்டு போதும். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. பிளக்காமல் என்ன செய்யும்? 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தைக் கடைகிறவர்கள் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத் தேடிப் போவதும் நன்றாகக் காய்ந்த மரம் வேண்டித்தான்.

முக்கால் அங்குலச் சதுரத்தில் இரண்டு கட்டை, நடுவில் 7 மி.மீ. துளை. குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் பூசிச் சுழற்றிச் செருகி ஒரு ராத்திரி விடுங்கள். குழாய்க்குள் வழிந்த பசையை மறக்காமல் சுரண்டுங்கள். பிறகு லேத்தில் பூட்டும் மாண்ட்ரல் கம்பியில், பேனாவின் பருமனைக் காட்டும் புஷ் வளையங்களோடு கோத்து, புஷ் மட்டத்துக்கு வரும்வரை கடைசல். கம்பி நட்டை ரொம்ப முறுக்கினால் கம்பி வளைந்து பேனா முட்டையாகிவிடும். உப்புத்தாள் 150-இல் தொடங்கி 600 வரை, கடைசியில் தேன்மெழுகு.

இனி, சுத்தியலுக்குப் பதிலாக முனை, கிளிப் போன்ற பேனா சாமான்களை அழுத்தி இறக்கும் ஜிக். ஓர் அடி ரீப்பர், இரண்டு தேக்குக் கட்டை. கட்டைகளை ஒன்றாகப் பிடித்து ஒரே ஓட்டத்தில் 13 மி.மீ. துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் நேர் தப்பும்; சாமான் சாய்ந்து இறங்கினால் மரம் தாங்காது. கட்டைகளை ரீப்பரின் இரு முனையிலும் திருகிவிட்டு, ஒன்றில் 12 மி.மீ. தடிமனில் நீளமான போல்ட். அதன் நட்டைப் பேனா பக்கமாகப் புதையுங்கள். நான் முதலில் வெளிப்பக்கம் வைத்தேன். இறுக்கியதும் பிதுங்கி வந்துவிட்டது. போல்ட் நுனியில் ஓர் அங்குல அகலத்துக்கு மரமூடி, மூடிக்குள் கிரீஸ் தடவிய சைக்கிள் பால்ஸ் ஒன்று. போல்ட் சுற்றும், மூடி சுற்றாது, பேனாவில் கீறல் விழாது. எதிர்க் கட்டையின் துளையில் அதே மாதிரி மரமூடி.

ஒரு முழுச் சுற்றுக்கு இந்த போல்ட் 1.75 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு அரை மி.மீ.கூட இல்லை. சுத்தியலிடம் இந்த நிதானம் ஏது?

பேனாவின் கீழ்ப்பாதியை இரு மூடிக்கும் நடுவில் வைத்து போல்ட்டை முறுக்குங்கள்: முதலில் முனை, மறுபக்கம் திருகு மெக்கானிசம். இது அதிகம் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ரீஃபிலைப் போட்டுத் திருப்பிப் பார்த்து, கால் கால் சுற்றாக அழுத்துங்கள். ரீஃபில் சரியாக எட்டிப் பார்த்ததும், இரு மூடிக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பேனாவில் மூடி அந்தக் குச்சியில் முட்டினால் நிறுத்தலாம்.

மேல்பாதியில் கிளிப்பும் தொப்பியும். நடுவளையத்தைப் போட்டு இரு பாதியையும் கையாலேயே சேருங்கள். அங்கே பசை வேண்டாம். ரீஃபில் தீர்ந்தால் இழுத்துக் கழற்றுவது அந்த இடத்தில்தான்.