என் புதுக் கூடாரம்

கதிர்காமப் பாதயாத்திரைக்கென மகள் வாங்கித் தந்த புதுக் கூடாரத்தை முற்றத்தில் விரித்தபோது சிறுபிள்ளைபோல மகிழ்ந்தேன். நிறை இரண்டு கிலோதான். வளையும் கம்பிகள் இரண்டு, உள்ளே நுளம்பு வலை, மேலே மழைச்சீலை. 2009இல் செட்டிகுளம் முகாமில் எங்கள் கூடாரத்துக்குள் வெள்ளம் புகுந்தது. பூட்ட ஒரு கதவும் இருக்கவில்லை. இதிலோ சிப்பை இழுத்து உள்ளிருந்து நானே மூடுகிறேன். விரும்பிய இடத்துக்கு நானே சுமந்தும் செல்வேன்.

சகோதரிகளே, நீங்களும் கூடாரம் கொண்டு போவதானால், புறப்படுமுன் வீட்டில் ஓரிரு முறை அடித்துப் பழகுங்கள். தண்ணீர் ஊற்றித் தையல் ஒழுகுகின்றதா எனப் பாருங்கள். உள்ளே விளக்கோ அடுப்போ கொளுத்த வேண்டாம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளில் யானையும் கரடியும் உண்டு. ஆகவே கூட்டத்தோடு சேர்ந்தே தங்குங்கள். துணையில்லாத பெண்களும் அப்படி அச்சமின்றி நடந்து போகலாம்.