குழாய்க்கு வெளியே குருதி

மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகளின் இடையே தெளிந்த நீர் நிரம்பிய ஓர் இடைவெளி உண்டு. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் அந்நீரில் நனைந்தபடியே செல்கின்றன. அவற்றுள் ஒன்றில் புடைத்து மெலிந்த இடம் திடீரென வெடிக்குமாயின், அதுகாறும் உயிரைப் போஷித்து வந்த ரத்தமே வெளியில் பரவித் தமனியைச் சூழ்ந்துகொள்கிறது. அம்முதல் அபாயத்தைத் தாண்டிப் பிழைத்து, சில தினங்கள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி, ஒரு வாரம் ஆகும் தறுவாயில் நாக்குழறிக் கைகால் விளங்காமல் போகும் விபரீதம் வைத்தியர்களை நெடுங்காலம் மயக்கிற்று. 1951-இல் அமெரிக்காவில் எக்கர், ரீமென்ஷ்னைடர் என்னும் இருவர், அத்தமனிகள் சுருங்கியிருப்பதை எக்ஸ்ரே படங்களில் காட்டினர்.

சுருங்குவதன் காரணத்தை அறியப் பிராணிகளே துணையாயின. நாயின் ரத்தத்தையே எடுத்து, அதன் பிடரிக்கடியில் மூளைநீர் தேங்கும் இடத்திற் செலுத்தி, இரு தினங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை செலுத்தினால், ஏழாம் நாள் வாக்கில் மூளையடித் தமனி இறுகிவிடுகிறது. கனடாவில் பிரைஸ் வியர் குழுவினர் குரங்குகளின் தமனியைச் சுற்றி ரத்தக்கட்டியை வைத்து ஆராய்ந்தனர். இத்தகைய தமனியை நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்புறச் செல்கள் வீங்கி ஆங்காங்கே உரிந்திருப்பதும், அவற்றின் கீழுள்ள மீள்தகடு புடவைக் கொசுவம்போல் மடிந்து கிடப்பதும், தசைச் செல்களிற் சில இறந்திருப்பதும், வெளியுறையில் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதும் புலனாகும். ஆகவே இது வெறும் தசையிறுக்கமன்று. சுவர் முழுவதுமே நோயுறுகிறது.

குற்றவாளி, சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளிப்படும் ஆக்ஸிஹீமோகுளோபின். தமனியைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை அது கவர்ந்துகொள்ள, இறுக்கும் எண்டோதீலின் மேலோங்க, தசைக்குள் கால்சியம் மிகுந்து சுருக்கம் நீடிக்கிறது. சிவப்பணுக்கள் சிதையச் சில நாட்கள் பிடிப்பதே நோய் தாமதித்து வருவதன் ரகசியம்.

எனினும் தமனி விரிந்தால் மூளை பிழைத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. எண்டோதீலினைத் தடுத்துச் சுருக்கத்தைப் பெரிதும் குறைத்த கிளாசோசென்டான் என்னும் மருந்து, 2011-இல் வெளியான பெரும் பரிசோதனையில் நோயாளிகளின் இறுதிநிலையைச் சீர்படுத்தவில்லை. குழாயை அவ்வளவாக விரிக்காத நிமோடிபின் மாத்திரையோ, 1989-இல் பிரிட்டனில் 554 பேரிடம் நடந்த சோதனையில் மூளைத்திசு மடிவதைக் குறைத்தது. அம்மாத்திரை இன்றும் சிகிச்சையில் நிலைத்திருக்கிறது.

ஆதலால், தமனி வெடித்ததன் அறிகுறியாக வாழ்நாளில் கண்டிராத கடுந்தலைவலி நொடிப்பொழுதில் எழுமாயின், தைலம் தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைவதே விவேகம். தமனி சுருங்குமுன் கிடைக்கும் அச்சில தினங்கள் வைத்தியரின் கண்காணிப்பிற் கழிய வேண்டியவை.