பாலைத் தவிர்க்கலாம், தாய்ப்பாலைத் தவிர்க்காதீர்!

பிறந்து ஓரிரு மாதங்களே ஆன குழந்தை ஓயாது அழுகிறது. குடித்த பாலைக் கக்குகிறது. கன்னங்களில் சொறி படர்கிறது. மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் தென்படுகின்றன. உடனே வீட்டிலுள்ள பெரியவர்கள், "தாய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, புட்டிப்பால் கொடுங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இது சரியான தீர்ப்புதானா?

தாய்ப்பாலே ஒத்துக்கொள்ளாத நிலை மிகமிக அரிது. இத்தகைய குழந்தைகளுள் சிலருக்குத் தொல்லை தருவது தாயின் பாலன்று; தாய் அருந்தும் பசும்பாலிலுள்ள புரதமே. அப்புரதம் சிறிதளவு தாய்ப்பாலிலும் கலந்துவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் தீங்கில்லை. ஒரு சிலரின் உடல் மட்டும் அதை ஏற்க மறுக்கிறது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் கொடுக்கப்படும் பால்பொடியோ பெரும்பாலும் பசும்பாலிலிருந்தே தயாரிக்கப்படுகிறது! துளியளவில் வந்து துன்புறுத்திய பொருளைப் புட்டி நிறையப் புகட்டுவது எவ்வகையில் மருந்தாகும்?

எல்லா அழுகையும் ஒவ்வாமையன்று

தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே இவ்வொவ்வாமை காணப்படுகிறது. பச்சிளங்குழந்தையின் அழுகை ஆறாவது வாரமளவில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணிவது இயல்பு. ஆகவே, குழந்தை அழுகிறது என்பதற்காக மட்டும் தாய் தம் உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மலத்தில் இரத்தம், தொடர்ந்த வாந்தி, ஆறாத சொறி, எடை கூடாமை ஆகியவை தென்பட்டால் குழந்தை மருத்துவரை அணுகுவதே முறை. உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தவிர்க்கும் முறை

மருத்துவர் அறிவுறுத்தினால், தாய் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பாலை அறவே விலக்கிப் பார்க்க வேண்டும். தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், பால்கோவா யாவும் இதில் அடங்கும். நெய்யிலும் புரதம் சிறிது எஞ்சியிருக்கக்கூடும். பிஸ்கட், ரஸ்க், சாக்லேட் போன்றவற்றின் உறையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். பசும்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலையோ எருமைப்பாலையோ அருந்துவதில் பயனில்லை. அவற்றின் புரதமும் ஏறக்குறைய அதே தன்மையுடையது.

குணம் தெரிந்தால், மருத்துவர் கூறும் முறைப்படி தாய் மீண்டும் பால் அருந்திப் பார்க்க வேண்டும். தொல்லை திரும்பினால்தான் ஒவ்வாமை உறுதியாகும். திரும்பாவிடில், அந்தத் தாய் வீணாகப் பத்தியம் காக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை உறுதியான குழந்தைகளிலும் பெரும்பாலோர் ஐந்து வயதிற்குள் அதிலிருந்து விடுபட்டுவிடுகின்றனர்.

தாயின் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

"பால் குடித்தால்தான் பால் சுரக்கும்" என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. உண்மையில், குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கிறது. ஆயினும் சுண்ணாம்புச் சத்தில் கவனம் தேவை. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வரையறுத்துள்ளது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. முருங்கைக் கீரையும், எள்ளும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கைகொடுக்கும். போதாவிடில் மருத்துவர் மாத்திரை தருவார். இறைச்சியும் மீனும் முட்டையும் உண்ணும் நம் இல்லங்களில் பி12 சத்துக்குக் குறைவிராது.

நம் சமையலறைக்கு இது பெரிய சோதனையுமன்று. தேங்காய்ப்பால் நமக்குப் புதிதா? நோன்புக் கஞ்சிக்கும் வட்டிலப்பத்திற்கும் தேங்காய்ப்பாலே போதும். நெய்ச்சோற்றுக்குப் பதில் தேங்காய்ச்சோறு ஆக்கலாம். பிரியாணிக்குத் தயிரின்றித் தக்காளியும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். அந்தத் தாய்க்குத் தனிச்சட்டி வைக்காமல், வீட்டார் அனைவருமே அதை உண்டால் அவருக்கு எத்துணை ஆறுதல்!

பொறுப்பு யாருடையது?

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு ஈராண்டுகள் எனக் குறிப்பிடும் திருக்குர்ஆனின் 2:233ஆம் வசனம், தாயின் உணவையும் உடையையும் தந்தையின் கடமையாக்குகிறது. குழந்தையைக் காரணமாக்கித் தாய்க்கு இடர் விளைவிக்கலாகாது எனவும் எச்சரிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பால் மறக்கடிப்பதானாலும் பெற்றோர் இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே அதன் நெறி. உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் எனப் பரிந்துரைக்கிறது.

எனவே, கணவன்மார்களே! மாமியார்களே! பத்தியம் இருப்பவர் ஒருவர். சுமப்பவர்கள் பலராக இருக்கட்டும். "உன் பாலில்தான் குறை" என்ற ஒரு சொல், இரவெல்லாம் விழித்திருக்கும் இளந்தாயின் உள்ளத்தை உடைத்துவிடும். குறை அவரிடம் இல்லை. அவருடைய கோப்பையிலுள்ள பாலைச் சில காலம் விலக்கி வைப்போம். குழந்தைக்கு உரிய பாலை ஒருபோதும் பறிக்காதிருப்போம்!