தலைவர் நாற்காலி சுழலட்டும்

எங்கள் பள்ளியில் இண்டராக்ட் சங்கம் தொடங்கிய முதல் ஆண்டின் கூட்டக் குறிப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜூலை முதல் மார்ச் வரை அத்தனை பக்கமும் என் கையெழுத்து. பதவியேற்பு விழாவில் மாணவத் தலைவர் வாசித்த உரையும் நான் எழுதிக் கொடுத்ததுதான். மேடை, பொன்னாடை, குழுப்படம் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அந்த மாணவர் ஆண்டு முழுவதும் தானாக ஒரு முடிவுகூட எடுக்கவில்லை என்பது நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

தேனி, பெரியகுளம், போடி, கம்பம் என்று நம் பகுதி ஊர்களில் ரோட்டரி சங்கத்தின் சக்கரமோ அரிமா சங்கத்தின் சிங்கமோ கண்ணில் படாமல் போகாது. பள்ளிகளுக்கு அவர்கள் பெரும்பாலும் பொருளோடுதான் வருகிறார்கள். மேசை, குடிநீர் இயந்திரம், நோட்டுப் புத்தகம், பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசு. எல்லாம் தேவையான உதவிகள்தான். ஆனால் அவர்களைக் கொடையாளர்களாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால், அவர்களிடம் இருக்கும் இன்னொன்றைக் கேட்க மறந்துவிடுகிறோம். வெவ்வேறு தொழிலும் பின்னணியும் உள்ளவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து வேலை வாங்கும் முறை அது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரைச் சந்தித்தார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். பெருநகரத்தில் நட்பில்லாமல் தவித்தவர்கள் ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, அடுத்தவர் இடத்தில் அடுத்த முறை என்று மாறிமாறிக் கூடினார்கள். அப்படிச் சுழன்றதால்தான் ரோட்டரி என்று பெயர் வந்தது. அவர்கள் ஊருக்காக எடுத்த முதல் பணி என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை கட்டவைத்தது! நம் பள்ளிகளின் நிலை தெரிந்த எவருக்கும் இது சிறிய பணியாகத் தோன்றாது. 1917-இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் அரிமா இயக்கத்தைத் தொடங்கினார். இவற்றின் பள்ளி வடிவங்கள் பின்னால் வந்தன. லியோ சங்கம் 1957-லும், இண்டராக்ட் 1962-லும் அமெரிக்கப் பள்ளிகளில் பிறந்தவை.

இண்டராக்ட் 12 முதல் 18 வயது வரையிலான மாணவர்களுக்கானது. ஓர் உள்ளூர் ரோட்டரி சங்கம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு திட்டங்களாவது நடத்த வேண்டும். ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது. மற்றொன்று பிற நாட்டு மக்களைப் புரிந்துகொள்வதற்கானது. தலைவர், செயலர், பொருளாளர் எல்லாரும் மாணவர்களே. நாம் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். நம்மால் முடியாததும் அதுதான்!

இரண்டாம் ஆண்டில் சிகாகோக்காரர்களின் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். தலைவர் பதவி ஆண்டு முழுக்க ஒருவருக்கே என்றாலும், ஒவ்வொரு மாதக் கூட்டத்தையும் நடத்துபவர் குலுக்கலில் வருவார். பணிக்குப் போகும் இணைகளும் குலுக்கலில்தான். யார் யாரோடு போவது என்பதை மாணவர்கள் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மணிக்கட்டில் ஒரே நிறக் கயிறு கட்டியவர்கள் ஒன்றாகப் போவார்கள். நாங்குநேரி நிகழ்வுக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024-இல் தந்த அறிக்கை, இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது ஒரு சுற்றறிக்கையில் முடிந்துவிடும். அவிழ்த்த கை அடுத்து யார் கையோடு சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அந்த ஆண்டு மாணவர்கள் எடுத்த பணி கண் பரிசோதனை முகாம். தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருப்பதால் நம் மாவட்டத்துக்கு இது பழகிய காட்சி. இத்தகைய முகாமில் வேலை இரண்டாகப் பிரியும். மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வரும். இடம் பார்ப்பது, ஊருக்குச் சொல்வது, வருபவர்களைப் பதிவு செய்வது, உட்காரவைப்பது ஆகியவற்றை உள்ளூர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளும். கண்புரை முற்றியவர்களைப் பேருந்தில் அழைத்துப்போய் அறுவைச் சிகிச்சை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முகாமின் வெற்றி இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. துண்டறிக்கையைப் படிக்க முடியாதவருக்குத்தானே முகாம்! யாராவது வீட்டுக்குப் போய் நேரில் சொன்னால்தான் வருவார்.

அந்த வேலையை மாணவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஊரின் எல்லாத் தெருக்களையும் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் போனவர்களுக்குத் திண்ணையில் கிடைத்த முதல் கேள்வி, "யார் வீட்டுப் புள்ளைங்கப்பா நீங்க?" என்பது. நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சிலர் அப்பா பெயரைச் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாட்டி. கண்ணு பாக்க டாக்டர் வர்றாங்க, கண்டிப்பா வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அதையே எல்லாரும் சொல்வது என்று தீர்மானித்தார்கள். நோட்டில் அது செயலரின் கோணல் கையெழுத்தில் இருக்கிறது. நான் எழுதிய எந்தப் பக்கத்தையும்விட எனக்குப் பிடித்த பக்கம் அது.

ஒரு மாணவர் தனக்கு வந்த தெருவுக்குப் போகமாட்டேன் என்றார். வீட்டில் திட்டுவார்கள் என்றார். நான் வற்புறுத்தவில்லை. முகாமன்று பதிவு மேசையில் உட்கார்ந்து எல்லாத் தெருக்காரர்கள் பெயரையும் அவரே எழுதினார். அவர் மாறிவிட்டார் என்றெல்லாம் சொல்ல எனக்குத் துணிவில்லை. பெயர் எழுதினார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்தச் சங்கங்கள் 'அமைதி' என்ற சொல்லை அடிக்கடி சொல்வதைக் கேட்டு நானும் ஒரு காலத்தில் சலித்திருக்கிறேன். இலங்கையின் கதை தெரிந்தபிறகு அந்தச் சலிப்பு குறைந்தது. ரோட்டரி இயக்கம் 1985-இல் போலியோ ஒழிப்பை உலகப் பணியாக ஏற்றது. இலங்கையில் அப்போது உள்நாட்டுப் போர். அந்நாட்டின் ரோட்டரி போலியோ குழுத் தலைவராக இருந்த கே.ஆர். ரவீந்திரன், அரசும் யுனிசெஃப் நிறுவனமும் இருந்த பணிக்குழுவுக்குத் தலைமையேற்று, சொட்டு மருந்து நாட்களில் வடக்கில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கப் பேசி முடித்தார். பின்னாளில், 2015-16-இல், அவர் ரோட்டரியின் உலகத் தலைவரானார். போரை அவர் நிறுத்திவிடவில்லை. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் அளவுக்குச் சில நாட்கள் நிறுத்தினார்.

நம் பள்ளத்தாக்குக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கம்பம், கூடலூர், போடியிலிருந்து விடியும் முன்பே ஜீப்களில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தொடர்பாக எழுந்த பதற்றத்தில் குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. தோட்டங்களில் இருந்த பல தமிழ்க் குடும்பங்கள் அவசரமாக இங்கே வந்து சேர்ந்தன. இண்டராக்டின் இரண்டாவது திட்டத்துக்கு அயல்நாட்டில்தான் ஆள் தேட வேண்டும் என்று காத்திருக்காமல், மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கலாம். அவர்களுக்கு நம் பன்னீர் திராட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு அவர்கள் ஊர் மழையைப் பற்றித் தெரிய வேண்டும். கடிதத்துக்கு அதிகச் செலவில்லை. நேரில் அழைத்துப் போவதென்றால் அலுவலக அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் வேண்டும்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு எளிதான தொடக்கம் அரிமா சங்கத்தின் அமைதி ஓவியப் போட்டி. 1988 முதல் நடக்கிறது. 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது. உள்ளூர் அரிமா சங்கம் வழியாகவே கலந்துகொள்ள முடியும். ஓவியத்தில் எந்த மொழியிலும் எழுத்தோ எண்ணோ இருக்கக் கூடாது என்பது விதி. வாசகம் எழுதிக் கொடுத்துவிடும் நம் பழக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. இளம் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்கெனவே உள்ள பள்ளிகளில் புதிதாக எதுவும் தொடங்க வேண்டியதில்லை. குலுக்கல் முறையை அதிலேயே கொண்டுவரலாம்.

பொருளுதவி வந்தால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும் பள்ளி மேலாண்மைக் குழுவின் பார்வையிலும் வரட்டும். மாணவர் சங்கத்தின் சில நூறு ரூபாய்க் கணக்கை மட்டும் மாணவப் பொருளாளரே எழுதி வாசிக்கட்டும். இன்னொன்று: ரோட்டரி, அரிமா இரண்டுக்கும் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பொறுப்பாளர்கள் அன்றே மாறிவிடுவார்கள். நாம் ஆகஸ்டில் போய்க் கேட்டால் அவர்களின் ஆண்டுத் திட்டம் முடிவாகியிருக்கும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, புதிதாக வரப்போகும் தலைவர் யார் என்று விசாரித்து இரண்டு மாணவர்களை நம்மோடு அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம். பேச வேண்டியதை அவர்களே பேசட்டும்.