கேள்விக்கு நேரமில்லை

1928-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச் சிதறலைப் பற்றி, மூன்று வாரம்கூட நிறையுமுன், மார்ச் 16-ஆம் தேதி பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞான சங்கத்தின் தொடக்கக் கூட்டத்திலே சி. வி. ராமன் பிரசங்கம் செய்தார் என்றால், இந்நகரத்தாருக்கு விஞ்ஞானம் கேட்கும் பழக்கம் நேற்று வந்ததன்று என்பது விளங்கும். பின்னாளில் தம் ஆராய்ச்சி நிலையத்தில் காந்தி ஜயந்திதோறும் பேசிவந்த அவர், மரணத்துக்கு ஏழு வாரங்களுக்கு முன், 1970-இலும் அந்த நியமத்தைக் கைவிடவில்லை.

ஆயினும் என் மனம் அதிகம் நாடுவது பசவனகுடி நேஷனல் கல்லூரியைத்தான். அங்கே 1962-இல் பெங்களூர் சயன்ஸ் ஃபோரத்தைத் தோற்றுவித்த எச். நரசிம்மையா, அமெரிக்காவில் அணுக்கருப் பௌதிகம் பயின்று திரும்பியும், கதருடுத்துக் கல்லூரி விடுதியின் ஓர் அறையிலேயே காலம் கழித்த பிரம்மசாரி. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருக்கையில், 1976-இல், அற்புதங்களை விசாரிக்கக் குழுவொன்றை அமைத்து வம்பையும் விலைக்கு வாங்கியவர். விசாரியாமல் எதையும் ஒப்பாதே என்பது அவருடைய உபதேசம்.

இன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. நேரு கோளரங்கத்தில் 'காப்பி வித் க்யூரியாசிட்டி' என்ற விஞ்ஞானப் பேச்சு வரிசை நடக்கிறது. 2024-இல் சயன்ஸ் கேலரியும் திறந்தாயிற்று. குறைந்து வருவது கேள்வி நேரம். வரவேற்பு, அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று சடங்குகள் வளர, பேச்சாளரும் தம் படங்களில் ஒன்றையேனும் விட மனமின்றி நீட்டிக்கொண்டே போக, மிஞ்சுகிற ஐந்து நிமிஷத்தில் மைக் முன்வரிசையைத் தாண்டுவதில்லை. அங்கே அதைப் பெறுகிறவரோ தாமே ஒரு சிறு பிரசங்கம் நிகழ்த்திவிடுகிறார்! கன்னடத்திலோ தமிழிலோ சிந்திக்கும் பின்வரிசைக்காரர், சந்தேகத்தை இங்கிலீஷில் கோத்து முடிப்பதற்குள் நன்றியுரை தொடங்கிவிடுகிறது.

கூட்டம் முடிந்தபின் தனியே கேட்கலாமே என்பார்கள். தனியே கேட்டால் பதில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்; சபையில் கேட்டால், அதே சந்தேகத்தை வெட்கத்தால் விழுங்கியிருந்தவர்களுக்கும் அது சேரும்.

இந்திய விஞ்ஞானக் கழகம் ஆண்டுக்கொருமுறை பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாளில் இந்தத் தொல்லையில்லை. திரவ நைட்ரஜன் புகையும் மேஜையருகே தலைவருமில்லை, பொன்னாடையுமில்லை. விரலை விட்டால் என்ன ஆகும் என்று தாய்மொழியிலேயே பிள்ளைகள் கேட்க, ஆராய்ச்சி மாணவர்கள் பாதி கன்னடத்திலும் பாதி சைகையிலுமாகப் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலையும் நம்பாமல் மறுகேள்வி போடுகிறவர்கள் உண்டு.