மூக்கு வழியே வெளியேறும் எலும்பு

திருப்பூரில் ஒருவருக்கு நெற்றி வலி என்றால் பழி முதலில் பஞ்சுத் தூசி மேல்தான். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றால் தும்மலும் மூக்கடைப்பும் வரத்தான் செய்யும். ஆனால் சிலருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால், நெற்றி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி தெரியும். அது ஆஸ்டியோமா. பஞ்சு பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சைனஸ் அறைகளில் வரும் சாதுவான கட்டிகளில் இதுதான் அதிகம். புற்றுநோய் அல்ல, தேவையில்லாத இடத்தில் வளர்ந்த எலும்பு, அவ்வளவே. வளர்ச்சி மிக மெதுவாக நடக்கும். பலர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். சளி வடியும் வழியை அடைத்தாலோ, கண்ணை நெருக்கினாலோ, மூளைப் பக்கம் நகர்ந்தாலோதான் அறுவை சிகிச்சை.

முன்பெல்லாம் காதிலிருந்து காதுவரை தலைத்தோலைக் கீறி நெற்றியைத் திறப்பார்கள். இன்று 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழல் மூக்குத் துளை வழியே போகிறது. பழைய குழல்களில் குட்டிக் குட்டி லென்சுகள், நடுவே நீளமாகக் காற்று, படம் மங்கும். இயற்பியலாளர் ஹரால்ட் ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக்கி, காற்று இருந்த இடத்தில் கண்ணாடித் தண்டுகளை வைத்தார். படம் பளிச்சென்றது. அதற்கு முன்பே, 1954இல், அவரும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டியிருந்தனர். எண்டோஸ்கோப்புக்கு வெளிச்சம் போவதும் அத்தகைய இழைகளில்தான்.

சரி, துளையைவிடப் பெரிய கட்டி எப்படி வெளியே வரும்? முழுசாக வராது. வைரத்துகள் பதித்த குட்டி டிரில்லால் கட்டியின் நடுவைக் குடைகிறார்கள். உரசலில் சூடேறி அக்கம்பக்கம் கருகாதிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டி முட்டை ஓடுபோல மெலிந்ததும், கண்ணையும் மூளை உறையையும் தொடாமல் அந்த ஓட்டை உள்பக்கமாக உடைத்து, துண்டு துண்டாக எடுக்கிறார்கள். முகத்தில் தழும்பு இல்லை. நெற்றியின் ஓரத்தில் வெகுதூரம் தள்ளி ஒட்டியிருக்கும் கட்டிக்கு மட்டும் இன்றும் வெளிக்கீறல் தேவைப்படலாம்.

தொந்தரவு தராத கட்டியை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆஸ்டியோமா தெரிந்தால், பெருங்குடலையும் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கார்ட்னர் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறில் இந்த எலும்புக் கட்டிகளோடு, பின்னாளில் புற்றாகக்கூடிய குடல் பாலிப்புகளும் வரும்.